சங்க இலக்கியத்தில் பண்டமாற்றும் ஒப்பீட்டு நன்மையும்: பயனும் பங்கீடும்

முன்னுரை

சங்க இலக்கியத்தின் பொருளியல் வாழ்வை ஆராய்ந்தோர் பண்டமாற்றைக் குறிப்பிடாமல் விட்டதில்லை. உப்புக்கு நெல், மீனுக்கு நெல், தேனுக்கு மீன்நெய், மிளகுக்குப் பொன் எனப் பட்டியல்கள் பல தொகுக்கப்பட்டுள்ளன. அம்மாற்று ஏன் நிகழ்ந்தது, அதனால் யார் என்ன பயன் பெற்றனர் என்னும் வினாக்களுக்கோ பெரும்பாலும் ஒற்றை விடையே தரப்படுகிறது: தம்மிடம் இல்லாத பொருளைப் பெறுவதற்காகத் தம்மிடம் மிகுந்ததைக் கொடுத்தனர் என்பது அவ்விடை. இது பிழையன்று எனினும் முழுமையானதன்று. தம்மால் செய்துகொள்ள இயலும் பொருளையும் மக்கள் ஏன் பிறரிடம் மாற்றிப் பெற்றனர் என்பதை இவ்விடை விளக்குவதில்லை.

சங்ககால வாணிபம் பற்றி இன்று இருவேறு பார்வைகள் நிலவுகின்றன. யவனர் பொன்னைக் கொண்டுவந்து மிளகைப் பெற்றுச் சென்றதைத் தமிழகத்தின் செழிப்புக்குச் சான்றாகப் போற்றுவது ஒன்று. பேரரசு ஒன்றுக்கும் சிறு குடித்தலைமைகளுக்கும் இடையே நிகழ்ந்ததைச் சமநிலையில் நின்றோர் நடத்திய வாணிபமாகக் கொள்ளலாகாது என்பது மற்றொன்று. வரலாற்றறிஞர் ராஜன் குருக்கள் 2016ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலில் இவ்விரண்டாம் கருத்தை விரிவாக முன்வைத்துள்ளார். இவ்விரு பார்வைகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், உண்மையில் இருவேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மாற்றினால் இருதரப்புக்கும் பயன் உண்டா என்பது ஒரு வினா. அப்பயன் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பது வேறொரு வினா. டேவிட் ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டைத் துணையாகக் கொண்டு இவ்விரு வினாக்களையும் சங்கப் பாடல்களிடத்துக் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டு நன்மை: கோட்பாட்டுச் சுருக்கம்

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில், ஒரு பொருளைத் தான் செய்வதைவிடக் குறைந்த செலவில் பிறரிடம் பெற முடியுமாயின் அதைத் தானே செய்ய முயல்வது அறிவுடைமையாகாது என்று கூறினார். ஆனால் எல்லாப் பொருள்களையும் ஒரு நாடே திறம்படச் செய்யுமாயின், திறம் குறைந்த நாட்டோடு அது வாணிபம் செய்வதில் பொருளுண்டா என்னும் ஐயம் எஞ்சியது. இதற்கு ரிக்கார்டோ 1817இல் விடை கண்டார்.

அவர் தந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தையும் போர்ச்சுகலையும் பற்றியது. குறிப்பிட்ட அளவு துணியை நெய்ய இங்கிலாந்தில் ஓராண்டுக்கு 100 பேரின் உழைப்பும், குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய 120 பேரின் உழைப்பும் தேவை. போர்ச்சுகலில் அதே துணிக்கு 90 பேரும் அதே மதுவுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்ச்சுகலே மேம்பட்டது. ஆயினும் போர்ச்சுகல் மதுவை மட்டும் செய்து, அதைக் கொடுத்துத் துணியைப் பெறுமாயின் 90 பேரின் உழைப்பால் கிடைப்பது 80 பேரின் உழைப்பாலேயே கிடைத்துவிடும். இங்கிலாந்துக்கோ 120 பேர் செய்யவேண்டிய மது 100 பேரின் உழைப்புக்கு ஈடாக வந்து சேரும். பிறரைவிட நாம் எதில் மேம்பட்டவர் என்பதைக் கொண்டு இங்குக் கணக்கிடுவதில்லை. ஒன்றைச் செய்வதற்காக நாம் எதை இழக்கிறோம் என்பதைக் கொண்டே கணக்கிடுகிறோம். இவ்விழப்பைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர்.

இக்கணக்கில் மற்றொரு கூறும் உண்டு. ஒரு பங்கு மதுவுக்கு ஒரு பங்கு துணி என்பது ரிக்கார்டோ எடுத்துக்கொண்ட வீதம். உண்மையில் ஒரு பங்கு மதுவுக்குச் சற்றேறக்குறைய 0.89 பங்கு துணி முதல் 1.2 பங்கு துணி வரை எவ்வீதத்தில் மாறினும் இருவருக்கும் இழப்பில்லை. வீதம் மேல் எல்லையைத் தொட்டால் பயன் முழுதும் போர்ச்சுகலுக்குச் சேரும். கீழ் எல்லையைத் தொட்டால் முழுதும் இங்கிலாந்துக்குச் சேரும். எனவே பயன் உண்டு என்பதைக் கோட்பாடு மெய்ப்பிக்கிறது. அதன் பங்கீட்டை முடிவு செய்வது வாணிப வீதமே. அவ்வீதம் எங்கு அமையும் என்பதை ஒருவர் பொருளுக்கு மற்றவரிடமுள்ள தேவையைக் கொண்டு பின்னர் விளக்க முயன்றவர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

இல்லாமையால் நிகழும் மாற்று

சங்கப் பாடல்களில் மிகுதியாகக் காணப்படுவது நிலத்தின் இயல்பால் எழும் மாற்று ஆகும். நெய்தல் நிலத்தில் உப்பு விளையும், நெல் விளையாது. மருதத்தில் நெல் விளையும், உப்பு விளையாது. தம் நாட்டின் வெண்ணெல்லைக் கொணர்ந்து கொடுத்து, வேற்று நாட்டு உப்பை ஏற்றிக்கொண்டு, வண்டி வரிசையோடும் சுற்றத்தோடும் இடம்பெயரும் உமணரை நற்றிணை 183ஆம் பாடல் காட்டுகிறது. தம் நாடு, பிற நாடு என்னும் வேறுபாட்டைப் புலவர் இங்கு வெளிப்படையாகவே சுட்டுகிறார். வண்டி போகும்போதும் வரும்போதும் வெறுமையாக இல்லை என்பதும் கருதத்தக்கது.

இம்மாற்றின் விளைவை அகநானூற்று 60ஆம் பாடலில் ஒரு வேளை உணவாகக் காணலாம். கடலில் மீன்பிடிக்கும் தந்தைக்குச் சிறுமி ஒருத்தி சோறு கொடுக்கிறாள். அச்சோறு உப்பை விற்றுப் பெற்ற நெல்லால் ஆக்கியது. அதற்குத் துணையாவன அயிலை மீனிட்டுச் சமைத்த புளிக்குழம்பும் கொழுமீன் துண்டும். மீனும் உப்பும் அவர்தம் கடற்கரை தந்தவை. சோறோ அவர்கள் உழாத வயல் தந்தது. தாம் விளைக்கும் பொருள்களின் எல்லைக்கு அப்பால் ஒரு குடி நுகர்வு கொள்ளமுடிவதே வாணிபத்தின் பயன் என்னும் கருத்தை இவ்வுணவைவிடத் தெளிவாக விளக்கும் சான்று அரிது.

பொருநராற்றுப்படையும் இவ்வாறே தேனையும் கிழங்கையும் கொடுத்தோர் மீன்நெய்யும் கள்ளும் பெற்றதையும், கரும்பும் அவலும் கொடுத்தோர் மான்தசையும் மதுவும் பெற்றதையும் குறிப்பிடுகிறது. நானிலப் பாகுபாடு மக்களைத் தனித்தனித் தீவுகளாகப் பிரிக்கவில்லை என்பதும், நிலங்களின் வேறுபாடே அவர்களை இணைத்தது என்பதும் இதனால் பெறப்படும்.

எனினும், இவையெல்லாம் ஒரு தரப்பார் செய்யவே இயலாத பொருளை மறுதரப்பாரிடம் பெறும் நிகழ்ச்சிகள். பொருளியல் நோக்கில் இவை முழு நன்மை சார்ந்தவை. ரிக்கார்டோவின் கருத்தை மெய்ப்பிக்க இவை மட்டும் போதா.

இயன்றும் செய்யாமையால் நிகழும் மாற்று

புறநானூற்று 33ஆம் பாடல் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. சோழன் நலங்கிள்ளியைக் கோவூர்கிழார் பாடியது இது. வேட்டுவன் மான்தசையை வட்டியில் கொண்டு வருகிறான். ஆய்மகள் தயிர்ப்பானையைக் கொண்டு வருகிறாள். ஏரின் வாழ்வோரின் பெரிய இல்லத்துப் பெண்கள், குளத்தின்கீழ் விளைந்த வெண்ணெல்லை முகந்து அவ்வட்டியும் பானையும் நிறையத் தருகின்றனர்.

உழவர் இல்லத்தில் மாடு இல்லாமல் இராது. ஏருக்கு எருது வேண்டும். தயிர் உழவரால் செய்யவியலாத பொருளன்று. எனினும் அவர்கள் அதை ஆய்மகளிடம் பெறுகின்றனர். இங்கு இல்லாமை காரணமாகாது.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். உழவர்குடி ஒரு நாள் உழைப்பால் 6 நாழி நெல்லையோ 3 நாழி தயிரையோ பெறமுடியும் என்க. ஆயர்குடி அதே ஒரு நாளில் 1 நாழி நெல்லையோ 2 நாழி தயிரையோ பெறமுடியும் என்க. இரண்டிலும் உழவரே மேம்பட்டவர். ஆனால் உழவர் 1 நாழி தயிர் செய்ய 2 நாழி நெல்லை இழக்கவேண்டும். ஆயர் இழப்பது அரை நாழி நெல்லையே. நாழிக்கு நாழி மாற்றிக்கொண்டால் உழவர்க்கு 1 நாழி தயிர் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மாறாக ஆறில் ஒரு பங்கு உழைப்பில் கிட்டும். ஆயர்க்கு 1 நாழி நெல் முழுநாள் உழைப்புக்கு மாறாக அரைநாளில் கிட்டும். திறம் மிகுந்தவரும் குறைந்தவரும் ஒருங்கே பயனடைவது இவ்வாறுதான். இவ்வெண்கள் பாடலில் இல்லை. வட்டியும் பானையும் நெல்லால் நிறைவதைப் பாடல் காட்டுகிறது. அந்நிறைவுக்குரிய காரணத்தைக் கணக்கு காட்டுகிறது.

ஒரே குடும்பத்திற்குள்ளும் இத்தகைய வேலைப்பகுப்பைக் குறுந்தொகை 269ஆம் பாடல் காட்டுகிறது. சுறா தாக்கியதால் ஏற்பட்ட புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுக்குச் சென்றுவிட்டார். தாய் உப்பைக் கொடுத்து வெண்ணெல் பெறும்பொருட்டு உப்பு விளையும் இடத்துக்குச் சென்றுவிட்டாள். வீட்டில் காவல் இல்லை. தலைவன் இப்போது வரலாம் என்பதே பாடலின் குறிப்பு. பொருளியல் செய்தியைக் கூறுவது புலவரின் நோக்கமன்று. களவுக்கு வாய்ப்பான வேளையைச் சுட்டுவதற்காகவே பெற்றோரின் தொழில்கள் இடம்பெறுகின்றன. நோக்கமின்றி வந்து விழும் இத்தகைய செய்திகளே வரலாற்றாய்வுக்கு நம்பகமானவை எனலாம்.

பெரும்பாணாற்றுப்படையின் ஆய்மகள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறாள். மோரை மாற்றிப் பெற்ற உணவால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ள மறுத்து, எருமையையும் நல்ல ஆவையும் நாகையும் பெறுகிறாள். அன்றாட விற்பனை நுகர்வுக்கும், மதிப்பு மிகுந்த பொருளின் விற்பனை மூலதனப் பெருக்கத்துக்கும் செல்கின்றன. தனக்கு எதில் திறமுண்டோ அதையே பெருக்கிக்கொள்ளும் ஒருத்தியின் தேர்வு இது. பண்டமாற்று செய்வோரைப் பொன்னின் மதிப்பறியாத தொல்குடியினர் எனக் கருதுவோர்க்கு இப்பெண் தக்க மறுமொழியாவாள். பொன்னை அவள் அறிவாள். ஆயினும் அவள் விரும்புவது கன்றையே.

வழியின் விலை

மாற்றின் பயன் மாற்றுவோர் இருவரிடமும் முழுமையாகச் சென்றடைவதில்லை. இடையில் வழி உண்டு. ரிக்கார்டோவின் எடுத்துக்காட்டில் கப்பற் செலவு கணக்கில் வரவில்லை. சங்கப் புலவர்களோ வழியை மறப்பதே இல்லை. உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சைக் கட்டிச் செல்வதைப் புறநானூறு 102 உவமையாக்குகிறது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்னும் அச்சத்துக்கு அவர்கள் முன்கூட்டியே செலுத்தும் விலை அது. நடக்கமாட்டாத எருதை உமணர் ஆளில்லாத இடத்தில் கைவிட்டுச் சென்றதைப் புறநானூறு 307 கூறுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து செல்லும் பெருவழியில் சுங்கமும் உண்டு, வில்லேந்திய காவலரும் உண்டு.

எருது, அச்சு, சுங்கம், காவல் ஆகிய யாவும் மாற்றின் பயனிலிருந்தே ஈடுசெய்யப்படவேண்டும். இந்நோக்கில் அம்மூவனாரின் இரு பாடல்களை அணுகலாம். அகநானூறு 140, 390 ஆகியவற்றில் உப்பு விற்கும் பெண் நெல்லுக்கு உப்பு ஒத்த அளவு என்று கூவி விற்கிறாள். சங்கப் பாடல்களில் வாணிப வீதம் இவ்வளவு வெளிப்படையாகக் கூறப்படுவது அரிது. இரண்டும் ஒரே புலவருடையவை என்பதால் இதைத் தமிழகம் முழுமைக்கும் உரிய விலையாகக் கொள்ளலாகாது. எனினும், அவ்வீதம் உப்பளத்தின் கரையில் கூறப்படவில்லை, வாங்குவோரின் குடியிருப்பில் கூறப்படுகிறது என்பது கருதத்தக்கது. அந்த ஒரு நாழி நெல்லில் உப்பு விளைத்தவரின் உழைப்பு மட்டுமன்றி, வண்டியும் எருதும் தெருத்தெருவாகச் சென்று கூவிய பெண்ணின் கால்களும் அடங்கியுள்ளன.

மிளகும் பொன்னும்

கடல்கடந்த வாணிபத்தில் இவ்வினாக்கள் பேருருக் கொள்கின்றன. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து மிளகோடு மீளும் முசிறியை அகநானூறு 149 பாடுகிறது. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் 1999இல் நடந்த அகழாய்வில், இந்தியாவில் வனைந்த பெரும் பானை ஒன்றில் 7 கிலோவுக்கும் மேற்பட்ட கருமிளகு கிடைத்தது. அந்நாட்டின் குசேர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கேரளத்தின் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வு மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டுகளை வெளிக்கொணர்ந்தது. பாடல் கூறும் தொடர்பு மண்ணிலும் உறுதிப்பட்டுள்ளது.

கி.பி. 79இல் மறைந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உரோமிடமிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று குறைபட்டார். காரத்தைத் தவிர மிளகில் விரும்பத்தக்கது எதுவுமில்லை என்றும் அவர் வியந்தார். பொன் வெளியேறுவதையே இழப்பாகக் கொள்ளும் பார்வை இது. ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு இதை ஏற்காது. பொன்னைக் கொடுத்த உரோமானியர் தம் நாட்டில் விளையாத, தாம் பொன்னைவிட அவ்வேளையில் மிகுதியாக விரும்பிய ஒன்றைப் பெற்றனர். உரோமானிய அரசும் இழக்கவில்லை. வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985இல் பதிப்பிக்கப்பட்ட முசிறிப் பாப்பிரசு ஆவணத்தால், இந்தியச் சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு சுங்கமாகச் செலுத்தப்பட்டதை அறிகிறோம்.

பிளினியின் மற்றொரு கூற்றே நம் இரண்டாம் வினாவுக்குரியது. இந்தியப் பொருள்கள் உரோமில் வாங்கிய விலையைப்போல் நூறு மடங்குக்கு விற்கப்பட்டன என்கிறார் அவர். இது மிகைக்கூற்றாயினும், முசிறியின் விலைக்கும் உரோமின் விலைக்கும் இடையே பெரும் தொலைவு இருந்ததை மறுக்கவியலாது. அத்தொலைவில் கப்பலோட்டியும் கடன் கொடுத்தோனும் சுங்க அதிகாரியும் தத்தம் பங்கைப் பெற்றனர். தமிழ்க் கரைக்கு வந்த பொன்னும் எல்லோரையும் ஒரேபோல் அடைந்திருக்கும் எனக் கூறவியலாது. புறநானூறு 343 முசிறியைப் பாடும்போது மீனுக்கு மாற்றிய நெல்லையும், வீடுகளில் குவித்த மிளகு மூட்டைகளையும், தோணிகள் கரை சேர்த்த பொன்னையும் காட்டுகிறது. அதன்பின் பேசப்படுவது மலைப்பொருளையும் கடற்பொருளையும் வருவோர்க்கு வழங்கும் குட்டுவனின் கொடை. பொன் அரசன் கைக்கும், அவன் கொடைவழியே பிறர் கைக்கும் செல்லும் பாதை தெரிகிறது. மலைச்சரிவில் மிளகைப் பறித்தவன் கையில் பொன் விழுந்த காட்சி அங்கில்லை. பாடலின் மௌனத்தை மட்டும் கொண்டு அவன் ஏதும் பெறவில்லை என முடிவு செய்வது முறையன்று. பயனைப் பாடும் பாடல் பங்கீட்டையும் கூறிவிட்டதாகக் கொள்வதும் அவ்வாறே முறையன்று.

பங்கீட்டின் அறம்

வாணிப வீதம் இரு எல்லைகளுக்கிடையே எங்கும் அமையலாம் என்று முன்னர்க் கண்டோம். அவ்விடைவெளியே வாணிப அறத்தின் களமாகும். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒருதன்மையாக எண்ணி, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் ஒழுகும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. திருவள்ளுவர் வாணிபம் பற்றிய 120ஆம் குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் எண்ணத்தக்கது. வாணிபம் நன்றா தீதா என்று அவர் கேட்கவில்லை. அதில் நடுவுநிலை பேணப்படுகிறதா என்பதே அவர் கருத்தில் நின்றது.

அந்நடுவுநிலை பிறழ்ந்தால் நேர்வதற்குப் பிற்கால வரலாறு சான்றாகும். சோழமண்டலக் கடற்கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளின் வண்ண அச்சுத்துணிகள் ஐரோப்பியச் சந்தையை ஈர்த்தபோது, இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அவற்றைத் தன் உள்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கியது. ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடு அந்நாட்டில் எழுதப்பட்டது அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே. அதற்குள் அங்கே இயந்திர நெசவு வளர்ந்திருந்தது. இந்தியாவின் பெரும்பகுதி அந்நாட்டின் வணிகக் குழுமத்தின் ஆட்சியில் இருந்தது. கோட்பாடு கூறும் பயன் பொய்யன்று. ஆனால் அது மாற்றுவோர் இருவரும் மறுக்கும் உரிமை உடையோர் என்பதை முன்னிபந்தனையாகக் கொண்டது. பொன்னை மறுத்து எருமையைக் கேட்ட ஆய்மகளுக்கு அவ்வுரிமை இருந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சங்கப் பாடல்கள் காட்டும் பண்டமாற்று இருவகைப்படும். உப்பும் மிளகும் போல்வன நிலத்தின் இயல்பால் எழும் முழு நன்மையைச் சார்ந்தவை. உழவர் இல்லம் தயிரை மாற்றிப் பெறுவது போல்வன வாய்ப்புச் செலவின் வேறுபாட்டால் எழும் ஒப்பீட்டு நன்மையைச் சார்ந்தவை. இல்லாமை ஒன்றே மாற்றுக்குக் காரணம் என்னும் வழக்கமான விளக்கம் இரண்டாம் வகைக்குப் பொருந்தாது.

இருதரப்பும் பயனடைவதற்கு அவர்கள் ஆற்றலிலோ செல்வத்திலோ சமநிலையில் இருத்தல் வேண்டும் என்பதில்லை. எனவே உரோமோடு தமிழகம் சமநிலையில் இல்லை என்பதால் தமிழகத்துக்குப் பயனில்லை என்றாகாது. பயன் இருந்தது என்பதால் பங்கீடு செம்மையாக இருந்தது என்றும் ஆகாது. சமமின்மை குறித்த ஆய்வுகள் பயனை மறுப்பதற்கன்றிப் பங்கீட்டை அளப்பதற்குப் பயன்படுமாயின் இருதரப்பு ஆய்வாளர்க்கும் பொதுக்களம் ஒன்று அமையும்.

சங்கப் புலவர்கள் மாற்றுப் பொருளை மட்டுமன்றி வழியையும் அளவையும் அறத்தையும் உடன் பதிவு செய்துள்ளனர். ஆகவே சங்ககால வாணிபத்தை ஆராய்வோர், எப்பொருள் எப்பொருளுக்கு மாறியது என்னும் பட்டியலோடு நிறுத்தாமல், அதைச் சுமந்தவர் யார், அளந்தவர் யார், மறுக்க வல்லவர் யார் என்பவற்றையும் பாடல்தோறும் தேடித் தொகுத்தல் வேண்டும். அத்தகைய தொகுப்பு, துறைமுகங்களின் வரலாற்றோடு உப்பு விற்றவள், தயிர்ப்பானை சுமந்தவள், மிளகு பறித்தவன் ஆகியோரின் வரலாற்றையும் எழுதத் துணைபுரியும்.